உங்கள் ஊருக்கு வரைவு முழுமைத் திட்டம் வருகிறதா? நிலம் வைத்திருப்போரும் குடியிருப்போரும் செய்ய வேண்டியவை

பெருநகரை ஒட்டி வேகமாக வளர்ந்துவரும் பேரூராட்சி ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு 42 சென்ட் புஞ்சை நிலம் உண்டு. அதன் மூன்று பக்கங்களிலும் வீடுகள் வந்துவிட்டன. நான்காவது பக்கம் பேருந்து செல்லும் சாலை. எங்கள் பகுதிக்கான வரைவு முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், சாலை எங்கே வரும் என்றெல்லாம் வகுக்கும் 'மாஸ்டர் பிளா'னின் முன்வடிவு, வெளியிடப்பட்டபோது, அந்த நிலம் வரைபடத்தில் விவசாயப் பகுதி என்று வெளிர்பச்சை நிறத்தில் இருந்தது. அதற்கு நேர்மாறாக, ஏரியின் கலங்கலிலிருந்து உபரி நீர் ஓடும் வாய்க்கால் குடியிருப்புப் பகுதிக்குரிய மஞ்சள் நிறத்துக்குள் அடங்கியிருந்தது. இரண்டுக்கும் ஆட்சேபம் தெரிவித்தோம். வாய்க்காலுக்காகக் கொடுத்த மனு ஏற்கப்பட்டது. எங்கள் நிலத்துக்காகக் கொடுத்த மனு ஏற்கப்படவில்லை. அந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அதன்பின் தனியாக விண்ணப்பித்து, பதினாறு மாதங்கள் அலைந்தோம்.

இரண்டு மனுக்களும் ஒரே வாரத்தில், ஒரே அலுவலகத்தில் கொடுக்கப்பட்டவை. ஒன்று ஏன் ஏற்கப்பட்டது, மற்றொன்று ஏன் விழுந்தது என்பதைப் பின்னால் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் வேறொருவருக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். வரைவு நிலையில் ஓரிரு ஆயிரம் ரூபாயில் சொல்லி முடிக்க வேண்டிய ஒன்றை, திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு லட்சக் கணக்கில் செலவு செய்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே காலத்தைத் தவறவிடாதீர்கள்.

1. உங்கள் நிலம் எந்தத் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது என்று அறியுங்கள்

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டம் வகுக்கிறது. மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம், அல்லது அந்தப் பகுதிக்கென அமைக்கப்பட்ட உள்ளூர்த் திட்டக் குழுமம், அல்லது புதுநகர் வளர்ச்சிக் குழுமம் பொறுப்பாக இருக்கும். உங்கள் கிராமம் எந்தத் திட்டப் பகுதியிலும் சேராமல் இருக்கவும் கூடும். திட்டமில்லாப் பகுதி எனப்படும் அந்த இடங்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன; இக்கட்டுரை பெரும்பாலும் திட்டப் பகுதிக்குள் இருப்பவர்களுக்கானது.

சென்னையைச் சுற்றியுள்ளவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதி 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டதில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பல கிராமங்கள் புதிதாக உள்ளே வந்துள்ளன. முன்பு எந்த அலுவலகத்துக்குப் போனீர்களோ, அதே அலுவலகந்தான் இன்றும் உங்கள் கோப்பைப் பார்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் (சர்வே எண்) குறிப்பிட்டு, "இந்த நிலத்துக்கான திட்டக் குழுமம் எது, நடைமுறையில் உள்ள அல்லது தயாரிப்பில் உள்ள திட்டம் எது" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். மனுவில் பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வாய்மொழியாகக் கிடைக்கும் பதிலை நம்பி மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. வருவாய்த் துறையின் வகைப்பாடு வேறு, திட்டத்தின் வகைப்பாடு வேறு

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது வருவாய்த் துறை தீர்வைக்காக வைத்த வகைப்பாடு. முழுமைத் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம் (பள்ளி, மருத்துவமனை போன்றவை), திறந்தவெளி, விவசாயம் என்று இருப்பது அந்த நிலத்தில் இனி எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கான வகைப்பாடு. அலுவலகத் தாள்களில் இதை 'நில உபயோகம்' என்று எழுதுவார்கள். பட்டாவில் புஞ்சையாக இருக்கும் நிலம் வரைபடத்தில் குடியிருப்பாக இருக்கலாம். பட்டாவில் மனை என்று இருப்பது வரைபடத்தில் திறந்தவெளியாகவோ, உத்தேசச் சாலையாகவோ இருக்கலாம். கட்டட அனுமதி கேட்கும் நாளில் இரண்டாவதுதான் பேசும்.

வில்லங்கச் சான்றிதழில் இந்த விவரம் வராது; அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பில் ஒரு புல எண்ணுக்கு மனை மதிப்பு போட்டிருப்பதும் அங்கே வீடு கட்டலாம் என்பதற்குச் சான்றாகாது. "மின் இணைப்பு கொடுத்துவிட்டார்கள், வீட்டு வரி கட்டுகிறோம், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று தரகர் சொல்லும் மூன்றும் நிலப் பயன்பாட்டை மாற்றிவிடாது. குறிப்பாக, மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் தாமாக ஒப்புதல் தரும் அதிகாரம் சட்டத்தில் இல்லை.

3. ஆவணக் கட்டை முன்கூட்டியே தயாராக வையுங்கள்

வரைவு வெளியான பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் நாட்கள் போதா. பட்டா, சிட்டா, அ-பதிவேட்டுச் சாறு (புல எண் வாரியாக நிலத்தின் விவரம் எழுதப்பட்ட வருவாய்ப் பதிவேட்டின் நகல்), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) ஆகியவற்றை அரசின் மின்சேவை இணையதளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். இவற்றோடு கிரயப் பத்திரம், மூலப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்து ஒரே கட்டாக வையுங்கள்.

மூன்று செய்திகளை ஒத்துப் பாருங்கள். முதலாவது, பரப்பு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் சென்ட் என்று இருக்கும். ஒரு சென்ட் ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர்; நூறு சதுர மீட்டர் ஓர் ஏர். எங்கள் 42 சென்ட், பட்டாவில் 0-17.00 (0 ஹெக்டேர், 17 ஏர்) என்று இருக்கிறது. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அதை இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள்.

இரண்டாவது, பெயர். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் குடும்பங்கள் பல. வரைவின் மீது ஆட்சேபம் தெரிவிக்க நீங்கள் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை; யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். ஆனால் பின்னால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரும்போது உரிமை முழுவதும் உங்கள் பெயரில் தெளிவாக இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டா மாறுதல் செய்து, கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவும் செய்துகொள்ள எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின.

மூன்றாவது, உட்பிரிவு எண். எங்கள் முதல் மனு திரும்பி வந்ததற்குக் காரணம் இதுவே. திட்ட வரைபடத்துக்கு அடிப்படையாக எடுக்கப்பட்ட அளவை வரைபடம் பழையது. அதில் எங்கள் நிலம் 112/3 என்ற ஒரே துண்டாக இருந்தது. நாங்கள் மனுவில் இன்றைய உட்பிரிவான 112/3பி2 என்று மட்டும் எழுதினோம். அப்படி ஓர் எண் வரைபடத்தில் இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். ஆகவே பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். இரண்டையும் இணைத்துக் காட்டும் புலப்பட நகலையும் வையுங்கள்.

4. வரைபடத்தை நேரில் சென்று பாருங்கள்

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் கிராமங்களுக்கு, புல எண்ணை இட்டு நிலப் பயன்பாட்டைப் பார்க்கும் வசதி குழுமத்தின் இணையதளத்தில் உண்டு. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள திட்டத்துக்கு அது உதவும். வரைவு நிலையில் உள்ள திட்டத்துக்கு நேரில் போவதே நல்லது. நாங்கள் போனபோது வரைபடம் மாடியில் ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழ்ப்பாதியை ஓர் இரும்பு பீரோ மறைத்திருந்தது. எங்கள் வருவாய்க் கிராமம் அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது. பீரோவைச் சற்று நகர்த்தித் தருமாறு கேட்டுத்தான் பார்க்க முடிந்தது. கேட்கத் தயங்காதீர்கள், மக்கள் பார்ப்பதற்கென்றே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

போகும்போது உருப்பெருக்கி ஒன்றும், அளவுகோல் ஒன்றும், உங்கள் புலப்பட நகலும், தெளிவாகப் படம் எடுக்கும் கைப்பேசியும் கொண்டு செல்லுங்கள். முதலில் வரைபடத்தின் அளவு விகிதத்தையும் நிறக் குறிப்பையும் படம் எடுங்கள். வழக்கமாக மஞ்சள் குடியிருப்புக்கும், நீலம் வணிகத்துக்கும், ஊதா தொழிலுக்கும், சிவப்பு நிறுவனங்களுக்கும், பச்சை திறந்தவெளிக்கும் வரும். ஆயினும் அந்த வரைபடத்தில் உள்ள குறிப்பையே நம்புங்கள். 1:10,000 விகிதத்தில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர். 18 மீட்டர் அகல உத்தேசச் சாலை அங்கே 1.8 மில்லிமீட்டர் கோடாகத்தான் தெரியும். கோடு உங்கள் வேலிக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சாலை பாதிக்கும் புல எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

நிறத்தோடு நிறுத்திவிடாமல் மூன்றைக் கட்டாயம் பாருங்கள்: உத்தேசச் சாலைகளும் சாலை விரிவாக்கங்களும் எங்கே போகின்றன, ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவை புலப்படத்தில் உள்ள அதே இடத்திலும் அகலத்திலும் காட்டப்பட்டுள்ளனவா, பேருந்து நிலையம், குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றுக்கு எந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தோடு ஓர் அறிக்கைப் புத்தகமும் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் அனுமதிக்கப்படும் பயன்பாடுகளின் பட்டியல் அந்தப் புத்தகத்தில், அல்லது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கும். உங்கள் நிலம் எந்த நிறம் என்பதைவிட, அந்த நிறத்தில் உங்கள் தேவை அனுமதிக்கப்படுகிறதா என்பதே முக்கியம்.

5. நாட்களை எண்ணுங்கள்

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வரைவுத் திட்டத்தைப் பற்றிய அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிடப்பட வேண்டும். ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. நாளிதழில் நீங்கள் பார்த்த நாளிலிருந்தோ, பேரூராட்சிப் பலகையில் ஒட்டப்பட்ட நாளிலிருந்தோ அல்ல. எங்களுக்குச் செய்தி தெரிந்தது 51-ஆம் நாள். அதுவும் சித்தப்பா மகன் வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனதால் தெரிந்தது. முதல் மனு 54-ஆம் நாள் கொடுத்து, திரும்பி வந்து, மறு மனு 59-ஆம் நாள் மாலை நான்கு மணிக்குச் சேர்ந்தது.

உங்கள் ஊருக்குத் திட்டம் தயாராகிறது என்று காதில் விழுந்தால், மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் விசாரியுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துவாருங்கள். இந்தச் சிறு ஏற்பாடு இருந்திருந்தால் எங்களுக்கு ஐம்பது நாட்கள் மிஞ்சியிருக்கும்.

6. மனுவை எப்படி எழுதுவது

மனு இரண்டு பக்கங்களுக்குள் இருக்கட்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கையை வையுங்கள். பொருள் வரியில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பழைய மற்றும் புதிய புல எண்கள், பரப்பு ஆகியவை வர வேண்டும். அடுத்து வரைவில் அந்த நிலம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பதை, வரைபட எண்ணையும் அறிக்கையின் பக்க எண்ணையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பிறகு தரையில் உண்மையான நிலை என்ன என்பதைச் சான்றுகளோடு சொல்லுங்கள். கடைசியாக, எப்படி மாற்ற வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

எங்கள் நிலத்துக்கான மனு விழுந்தது ஏனெனில், அவசரத்தில் "விவசாயம் நடைபெறவில்லை, குடியிருப்பாக மாற்றித் தர வேண்டுகிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தோம். நிலத்தைச் சுற்றி என்ன வளர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு தாள்கூட இணைக்கவில்லை. "போதிய ஆவணம் இல்லை" என்று கோப்பில் ஒரே வரி. வாய்க்கால் மனுவிலோ, புலப்படத்தில் வாய்க்கால் ஓடும் எட்டு புல எண்களும், அ-பதிவேட்டில் அவை அரசு புறம்போக்கு என்று உள்ள பக்கங்களும், மழைக்காலத்தில் அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியபோது எடுத்த படங்களும், கூகுள் எர்த்தில் கிடைத்த பழைய செயற்கைக்கோள் படங்களும் தேதியோடு இருந்தன. பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி அந்தச் செயலியின் கணினிப் பதிப்பில் இருக்கிறது, கட்டணம் இல்லை. நிலத்தைச் சுற்றி வீடுகள் எப்போது வந்தன என்பதற்கும் அது நல்ல சான்று.

மனுவின் கடைசியில் இந்த வாக்கியத்தைக் கட்டாயம் எழுதுங்கள்: "என் ஆட்சேபணையை நேரில் எடுத்துரைக்க வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." சட்டப்படி, நேரில் கேட்கும் வாய்ப்பு அதைக் கேட்டவர்களுக்கே தரப்பட வேண்டும். எங்கள் நில மனுவில் அந்த வாக்கியம் இல்லை. எங்களை யாரும் அழைக்கவில்லை. வாய்க்கால் மனுவை எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைச் சேர்த்திருந்தார். எங்களுக்கு அழைப்பு வந்தது. ஒரு வாக்கியத்தால் வந்த வேறுபாடு இது.

மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம். அன்றே விரைவு அஞ்சலில், சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். இணையவழி மனுவுக்கு வசதி தந்திருந்தால் அதிலும் பதிவு செய்து, வரும் எண்ணைக் குறித்துவையுங்கள்.

7. ஊருக்காகவும் ஒரு மனு கொடுங்கள்

தங்கள் மனையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புபவர்களே அதிகம். அது பெரிய இழப்பு. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. ஒருமுறை போட்ட நிறம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஊரை நடத்தும். இன்று ஐந்து வயதுப் பிள்ளை விளையாட ஓர் இடம் குறிக்கப்படவில்லை என்றால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் வயதிலும் அந்த இடம் இருக்காது. நிலம் விலை ஏறுவதற்கு முன் குறிக்கப்படாத மைதானம், பிறகு குறிக்கப்படவே போவதில்லை.

தெருவில் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். இடுகாடும் சுடுகாடும் எத்தனை ஆண்டுக்குப் போதும்? அரசு மேல்நிலைப் பள்ளியை விரிவாக்க அதை ஒட்டி இடம் இருக்கிறதா? வாரச் சந்தை இன்று கூடும் இடம் வரைபடத்தில் என்னவாக இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆம்புலன்ஸ் போகும் சாலையின் அகலம் என்ன? மனைப்பிரிவுகளில் பூங்காவுக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடங்கள் பச்சையாகக் காட்டப்பட்டுள்ளனவா, மஞ்சளில் கரைந்துவிட்டனவா? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கிக் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே பெரிய மனைப்பிரிவு ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கள் பகுதியில் அத்தகைய ஓர் இடத்தில் முள்வேலி போட்டு மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார்கள். வரைவில் அது குடியிருப்பாகவே இருந்தது.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மனுவோடு இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. உங்கள் இரண்டு மாதத்துக்குள் இவற்றில் ஒன்றேனும் வர நல்ல வாய்ப்பு உண்டு. பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் தீர்மானத்துக்கு முயலுங்கள். எங்கள் வாய்க்கால் மனுவில் 63 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கதவு எண்ணோடு எழுதியிருந்ததை, எங்களை நேரில் கேட்ட குழுவில் இருந்த ஒருவர் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

8. நேரில் கேட்கும் நாளில்

உங்களுக்குக் கிடைப்பது ஐந்து அல்லது பத்து நிமிடம். அசல் ஆவணங்களும் இரண்டு செட் நகல்களும் கொண்டு செல்லுங்கள். பல பேர் போனாலும் ஒருவர் பேசினால் போதும். நாங்கள் வாய்க்காலின் புலப்படத்தையும் வரைவு வரைபடத்தின் அதே பகுதியையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டு, ஒன்றை ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து மற்றொன்றின் மேல் வைத்துக் காட்டினோம். நீலக் கோடு மஞ்சள் கட்டங்களின் நடுவே ஓடுவதைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாளுக்கு ஆன செலவு 180 ரூபாய்.

அன்று நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, "இன்ன தேதியில் நேரில் எடுத்துரைத்தவை" என்று தலைப்பிட்டு, மறுநாளே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கோப்பில் உங்கள் சொற்களிலேயே அது இருக்கும்.

9. திட்டம் ஒப்புதல் பெற்றபின்: நிலப் பயன்பாட்டு மாற்றம்

அரசு ஒப்புதல் தந்து திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால், தனி நிலத்தின் பயன்பாட்டை மாற்ற 32-ஆம் பிரிவின் வழியாகத் திட்டத்தையே மாற்றியாக வேண்டும். அதனால்தான் இது நீள்கிறது. ஒற்றைச் சாளர இணையதளம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை ஆவணங்கள், பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றோடு, நிலத்தைச் சுற்றியுள்ள வளர்ச்சியைக் காட்டும் வரைபடமும், அணுகுசாலையின் அகலத்துக்கான சான்றும் கேட்பார்கள். நிலம் தாழ்வானதாகவோ நீர்நிலைக்கு அருகிலோ இருந்தால் நீர்வளத் துறையின் கருத்து வேண்டும். நஞ்சையாக இருந்தால் வேளாண்மைத் துறையின் கருத்தும் வேண்டும்.

துறைகளின் இந்தக் கருத்துகள், அதாவது தடையின்மைச் சான்றுகள்தான் காலத்தைத் தின்பவை. ஒன்று கிடைத்த பிறகு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். எங்கள் பதினாறு மாதங்களில் ஏழு மாதங்கள் ஒரே ஒரு துறையின் தள ஆய்வுக்காகப் போயின. கள அலுவலர் மாறினால் கோப்பு அடியில் போய்விடும். மாதம் ஒருமுறை எழுத்தில் நினைவூட்டுங்கள். அதன்பின் பத்திரிகை அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பு, தொழில்நுட்பக் குழு, அரசின் முடிவு, அரசிதழ் என்று நிலைகள் தொடரும்.

சாலைக்கோ பூங்காவுக்கோ உங்கள் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால், 38-ஆம் பிரிவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குறித்த மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை இல்லையெனில் ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருத அந்தப் பிரிவு இடம் தருகிறது. உங்கள் நிலத்துக்கு அது பொருந்துமா என்பது எந்த அறிவிப்பின் கீழ், எந்தத் தேதியில் ஒதுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

10. செலவும் காலமும்

வரைவு நிலையில் எங்களுக்கு ஆனவை: நகல்களும் அச்சும் 640 ரூபாய், அஞ்சல் 120 ரூபாய், தகவல் கேட்டதற்குப் பத்து ரூபாயும் நகல் பக்கங்களுக்கான கட்டணமும், போக்குவரத்து ஏறக்குறைய 900 ரூபாய். பயன்பாட்டு மாற்றத்தில் உரிமம் பெற்ற நில அளவையாளருக்கு 9,000 ரூபாய், வழக்கறிஞரின் கருத்துரைக்கு 6,000 ரூபாய், அரசுக் கட்டணங்கள், பத்திரிகை அறிவிப்புச் செலவு என எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. கட்டணங்கள் பரப்பையும் கோரும் பயன்பாட்டையும் பொறுத்து மாறும். அரசாணைகளால் அவ்வப்போது திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே வேறொருவர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், உங்களுக்கு வரும் எழுத்துப்பூர்வமான கட்டணக் கேட்பு அறிவிப்பைப் பார்த்துக் கட்டுங்கள். பணம் இணையத்தின் வழியே மட்டும் போகட்டும். ரசீது இல்லாத ஒரு ரூபாயும் வேண்டாம்.

வரைவு வெளியான காலத்தில் "உங்கள் புல எண்ணை மஞ்சளாக்கித் தருகிறேன்" என்று இடைத்தரகர்கள் வீடு தேடி வருவார்கள். எங்கள் தெருவில் இருவர் அப்படிப் பணம் கொடுத்து இழந்தார்கள். இன்னொரு பேச்சும் காதில் விழும்: "அடுத்த திட்டத்தில் இந்தப் பக்கம் முழுவதும் குடியிருப்பாகிவிடும், இப்போதே வாங்கிப் போடுங்கள்." ஒப்புதல் பெற்று அரசிதழில் வராத எதையும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், நிலப் பயன்பாடு என்ன என்பதை விற்பவரே தம் செலவில் எழுத்தில் பெற்றுத் தர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதுங்கள்.

11. அரசிதழைச் சரிபாருங்கள்

ஒப்புதல் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அரசிதழின் அந்தப் பக்கத்தை இறக்கி, கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, பழைய பயன்பாடு, புதிய பயன்பாடு ஆகிய ஆறையும் உங்கள் பட்டாவோடு ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். எங்கள் அறிவிப்பில் 112/3பி2 என்பது 112/8பி2 என்று அச்சாகியிருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அனுமதி இன்னொருவர் நிலத்துக்குப் போயிருக்கும். எங்கள் நிலம் விவசாயமாகவே நின்றிருக்கும். உடனே பட்டாவையும் விண்ணப்ப நகலையும் இணைத்துத் திருத்த அறிவிப்பு கோரினோம். ஐந்து வாரத்தில் வந்தது. முதல் அறிவிப்பு, திருத்த அறிவிப்பு இரண்டையும் பத்திரக் கட்டோடு சேர்த்து வையுங்கள். திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும்; திருத்தத்தை மட்டும் இணைத்தால் மூல அறிவிப்பு எங்கே என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வரும்.